சியாட்டிலுக்கு எந்தப் பக்கம் சூலம்

சிவபாண்டியிடம் யாரும் சும்மா மணி கேட்க மாட்டார்கள். கேட்டால் மணியோடு சேர்த்து, அந்த நேரத்தில் ராஜபாளையம் வண்டி எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் எங்கே நின்றுகொண்டிருக்கும், அதற்குக் காரணமான டிரைவர் யார் என்பது வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் நகர முடியும். திருமங்கலம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். அரசாங்கம் ஓய்வு கொடுத்துவிட்டது. அவர்தான் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

பழங்காநத்தத்தில் வீடு. பால் வரும் நேரம், தண்ணீர் வரும் நேரம், எதிர்வீட்டுப் பெண் கல்லூரிக்குக் கிளம்பும் நேரம் எல்லாம் அவர் கண்காணிப்பில்தான் நடந்தன. தாமதமாக வந்தால் குற்றம் என்பது ஊருக்குத் தெரியும். முந்தி வருவதும் குற்றம் என்பது சிவபாண்டிக்கு மட்டும்தான் தெரியும். மகள் பவதாரிணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கியபோது, அவர்களை வாசலில் வேனிலேயே உட்கார வைத்து, நேரம் ஆகும்வரை ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வேனில் வேர்த்து உட்கார்ந்திருந்த விக்ரம்தான் பிறகு மாப்பிள்ளை ஆனார். பொறுமைசாலி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கொட்டாம்பட்டிப் பக்கத்துக் குடும்பம். சிவபாண்டியின் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எல்லாக் கிழமையும் ஒன்றுதான். விடிந்தால் பிறத்தியார் வயல். "இன்னைக்கு வடக்க சூலம், நான் நடவுக்கு வரல" என்று சொல்லியிருந்தால் நிலத்துக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்பதை எழுத வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கைக்கடிகாரம் கட்டியவர் சிவபாண்டி. கடிகாரத்தோடு வேலை வந்தது. வேலையோடு ஒரு கூண்டு அறை வந்தது. அந்த அறைச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கியது. அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த சூலம் அவர் கண்ணில் பட்டது.

திங்கள், சனி கிழக்கே சூலம். செவ்வாய், புதன் வடக்கே. வெள்ளி, ஞாயிறு மேற்கே. வியாழன் தெற்கே. அந்தக் கிழமையில் அந்தத் திசைக்குக் கிளம்பினால் காரியம் கெடும். கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் பரிகாரமும் அங்கேயே போட்டிருக்கும்: தயிர், பால், வெல்லம், தைலம் என்று திசைக்கு ஒன்று. சிவபாண்டிக்கு இது பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. வானத்துக்கும் ஒரு டைம் கீப்பர் இருக்கிறார் என்பதில் அவருக்கு ஓர் உறவுமுறை தெரிந்தது.

"ஏங்க, வருசக்கணக்கா வியாழக்கிழமை வியாழக்கிழமை தெக்க பஸ்ஸா அனுப்புனீங்களே, அப்ப எங்க போச்சு சூலம்?" என்று மனைவி பாண்டிச்செல்வி ஒருமுறை கேட்டாள்.

"அனுப்புனது நானு. போனது அவுக."

"நீங்களுந்தான இங்கேருந்து தெக்க திருமங்கலத்துக்குப் போனீங்க?"

"அது டூட்டி. டூட்டிக்குச் சூலம் கெடையாது."

திருப்பதிக்குப் புதன்கிழமை போக வேண்டி வந்தபோதும் அவர் அசரவில்லை. அது வடக்கே சூலம் உள்ள நாள். இரண்டு நாள் முன்னதாக, திங்கட்கிழமையே, ஒரு வேட்டியும் துண்டும் வைத்த பையை நல்ல நேரம் பார்த்து எடுத்துப் போய், வடக்கே புதூரில் இருந்த நண்பர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். போகிற திசையில் நல்ல நாளில் பையை முதலில் அனுப்பிவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. "பை வெளியேறுன நேரந்தான் ஆள் வெளியேறுன நேரம். பெறகு என்னைக்கு வேணா போகலாம்" என்று தெருவில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி பாண்டிச்செல்விக்கு விளக்கினார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். காதில் வாங்கினாளா என்று அவர் கவனிக்கவில்லை.

பவதாரிணி கல்யாணமாகி விக்ரமோடு சியாட்டிலுக்குப் போனாள். போன வருடக் கடைசியில் முழுகாமல் இருக்கும் செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் பக்கத்து வழக்கம். டாக்டர் அவளைப் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், தாய்வீடு அவளிடம் பறந்து போவது என்று முடிவாயிற்று. விசா இருவருக்கும் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது டிக்கெட் மட்டும். அதைச் சிவபாண்டி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தாமதத்தின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

பழங்காநத்தம் ரவுண்டானா பக்கத்தில் தமிழ்மாறன் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறான். பஸ், ரயில், விமானம் எல்லாம் போடுவான். சிவபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, ரொம்பச் சுளுவு. மதுரையில ஏறுறீங்க. துபாய்ல எறங்குறீங்க. அங்கேருந்து ஒரே வண்டி, நேரா சியாட்டில்."

"துபாய்ல இருந்து எம்புட்டுத் தூரம்?"

"பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் கிட்ட வரும்ணே. பதினாலரை மணி நேரம்."

சிவபாண்டி கண்ணை மூடினார். அவருக்குத் தூரம் என்றால் ராஜபாளையம்தான் அளவு. ஏறக்குறைய நூற்று நாற்பது தடவை ராஜபாளையம் போகிற தூரம் என்று கணக்கு வந்து நின்றது.

"நடுவுல எங்கயும் நிக்காதா?"

"நிக்காதுண்ணே."

"டீ?"

"உள்ளயே குடுத்துருவாக."

"டிரைவருக்கு?"

"அவருக்கும் உள்ளதாண்ணே."

"துபாய்ல எம்புட்டு நேரம் ஹால்ட்டு?"

"ராத்திரி முழுக்க. மறுநாக் காலையிலதான் அந்த வண்டி."

"ராத்திரி முழுக்கவா? கனெக்சன் வண்டிய இப்படிப் போட்டவன் எந்த டிப்போக்காரன்?"

"அத நான் கேட்டா எனக்கு டிக்கெட்டே குடுக்கமாட்டாகண்ணே. எந்தக் கிழமைக்குப் போடட்டும்?"

கேட்டிருக்கக் கூடாது. சிவபாண்டி எழுந்து கடைச் சுவரில் இருந்த உலகப் படத்தின் முன்னால் நின்றார். அமெரிக்கா இடது கோடியில் இருந்தது. ஆக, மேற்கு. வெள்ளியும் ஞாயிறும் அடிபட்டுப் போயின. பாக்கிக் கிழமைகளை வீட்டில் போய்ப் பார்த்துச் சொல்வதாக எழுந்து வந்துவிட்டார்.

அன்று மாலை பவதாரிணி வீடியோவில் வந்தாள். அங்கே காலை. முகம் வீங்கியிருந்தது.

"டிக்கெட் போட்டாச்சாப்பா?"

"கிழமை பாத்துக்கிட்டிருக்கேன். மேக்க போறதால வெள்ளி, ஞாயிறு ஆகாது."

"அது மேக்க போகலப்பா. துபாய்ல இருந்து நேரா வடக்க ஏறி, வட துருவத்துக்கிட்ட போயி, அந்தப் பக்கமா எங்க ஊருக்கு எறங்குது."

"யார் சொன்னா?"

"நானே வந்துருக்கேன்ப்பா. சீட்டுக்கு முன்னாடி டிவில காட்டுவாங்க."

"மேப்புல கோடு போட்டா மேக்கதான வருது? சுத்திப் போறானா? டீசல் யாரு வீட்டுக் காசு?"

"அதுதான்ப்பா குறுக்கு வழி. மேப்பு தட்டை. பூமி உருண்டை. அம்மா, ஒரு தேங்கா எடேன்."

பாண்டிச்செல்வி குடுமியோடு ஒரு தேங்காயும், பூக்கட்டுகிற நூலும் கொண்டுவந்தாள். குடுமி மேலே இருக்கும்படி பிடிக்கச் சொன்னாள் மகள். இந்தப் பக்கம் ஒரு குங்குமப் பொட்டு, துபாய். அதற்கு நேர் முதுகுப் பக்கம், கொஞ்சம் மேலே இன்னொரு பொட்டு, சியாட்டில். நூலைத் தேங்காயின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தபோது நீளமாக வந்தது. குடுமிமேல் போட்டுப் பிடித்தபோது கையில் நூல் மிச்சம் விழுந்தது.

"இம்புட்டுத்தானா!" என்றாள் பாண்டிச்செல்வி. "குடுமியில ஏறி எறங்குனா மக வீடு."

சிவபாண்டி தேங்காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் பொய் சொல்லவில்லை.

"சரி. குடுமி வரைக்கும் வடக்கு. குடுமியத் தாண்டுனா?"

"குடுமில நின்னா எந்தப் பக்கம் திரும்புனாலும் தெக்குதான்ப்பா."

அவர் தேங்காயின் குடுமியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அங்க என்ன கிழமை?"

"எங்கப்பா?"

"குடுமியில."

பவதாரிணி சிரித்தாள். சிரித்து முடிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அங்க கிழமையே கெடையாதுப்பா. எல்லா ஊரு நேரமும் அங்க வந்து ஒண்ணாக் கூடிருது."

சொந்தக் கிழமை இல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று சிவபாண்டி நினைத்துப் பார்த்ததில்லை. டைம் கீப்பர் இல்லாத பேருந்து நிலையம் மாதிரி அது அவருக்குத் தெரிந்தது. யாரையாவது போட வேண்டும் என்று உடனே தோன்றியது.

மகள் போனை வைக்கும் முன்னால் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடி வந்துருவேல்ல? எனக்குப் பயமா இருக்கு. நீ பக்கத்துல இருந்தாப் போதும்."

"வாரேன்டி" என்றாள் பாண்டிச்செல்வி.

அன்றிலிருந்து சிவபாண்டி நாள்காட்டியும் தேங்காயுமாக உட்கார்ந்தார். மதுரையிலிருந்து துபாய் மேற்கு. அதற்கு வெள்ளி, ஞாயிறு ஆகாது. மறுநாள் துபாயிலிருந்து குடுமி வரை வடக்கு. அதற்குச் செவ்வாய், புதன் ஆகாது. குடுமியிலிருந்து தெற்கு, அதற்கு வியாழன் ஆகாது. இதற்கெல்லாம் தப்புவது இரண்டே நாள். சனிக்கிழமை கிளம்ப வேண்டும், அல்லது வியாழக்கிழமை. சனிக்கிழமை மதுரையிலிருந்து அந்த விமானம் கிடையாது. மிச்சம் வியாழன்.

வந்த வியாழன் அஷ்டமி. அதற்கு அடுத்தது கரிநாள். மூன்றாவது வியாழன் சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு குறை, டாக்டர் சொன்ன தேதி அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

"மூணாவது வியாழன் முத்து மாதிரி இருக்கு" என்றார்.

"அதுக்குள்ள புள்ள பொறந்துரும்ங்க."

"பொறக்கட்டும். பொறந்த புள்ள எங்க போயிரப் போகுது? நாம பாக்கத்தான போறோம்?"

பாண்டிச்செல்வி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் புள்ளையப் பாக்கப் போகல. எம்மகளப் பாக்கப் போறேன். வலி வந்து அவ கத்துறப்ப கையப் புடிச்சுக்கிற ஒரு ஆளு வேணும்."

"விக்ரம் இருக்காருல்ல?"

"இருக்காரு. பயத்துல அவரு இவ கையப் புடிச்சுக்கிருவாரு."

"அம்புட்டு அவசரம்னா ஆகாத நாள்ல போயி, வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நான் பொறுப்பு ஏத்துக்கிற முடியுமா?"

"வண்டிய ஓட்டுறது நீங்களா?"

உலகத்தில் வண்டி ஓட்டுகிறவர்களை விட, எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்கிறவர்தான் பெரியவர் என்பதை இவளுக்கு இனிமேலா சொல்லிப் புரியவைக்க முடியும்?

அதற்குப் பிறகு அவள் டிக்கெட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சிவபாண்டி தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தார். அந்த நினைப்பைக் கெட்டிப்படுத்துவது போல, அடுத்த வாரத் தொடக்கத்தில் அவள் வந்து கேட்டாள்:

"ஏங்க, நாகமலை புதுக்கோட்டையில தங்கச்சிய ஒரு எட்டுப் பாத்துட்டு வரணும். எந்தக் கிழமை, எந்த நேரத்துல கெளம்பலாம்?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. சிவபாண்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நாகமலை நமக்கு மேக்க. புதன்கிழமை போ. அன்னைக்குச் சூலம் வடக்க, உனக்குத் தடையே இல்ல. காலையில ஒம்பதரைக்கு மேல வாசப்படியத் தாண்டு. மேக்க போறவளுக்கு இதவிட நல்ல நேரம் வாச்சுக்காது."

அவர் சொன்ன நேரத்தில் அவள் வாசற்படியைத் தாண்டினாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது. சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். திரும்பும்போது பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதையெல்லாம் சிவபாண்டி கேட்டார். பை எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை மாலை, தமிழ்மாறன் ஒரு உறையோடு வீட்டுக்கு வந்தான்.

"மதினி, ரெண்டு டிக்கெட்டும் இருக்கு. நாளைக்கு மத்தியானம். ஏர்போர்ட்டுக்குக் கார் சொல்லிட்டேன்."

சிவபாண்டி உறையைப் பிடுங்கிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையா? டேய் மாறா, மேக்க சூலம்டா நாளைக்கு! யாரைக் கேட்டுப் போட்ட?"

"மதினிதாண்ணே சொன்னாக" என்று தமிழ்மாறன் சமையலறைப் பக்கம் ஒதுங்கினான்.

பாண்டிச்செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குச் சூலம் இல்ல. நான் நேத்தே கெளம்பிட்டேன்."

"என்ன ஒளறுற? இங்கனதான நிக்கிற?"

"என் பை கெளம்பிருச்சுல்ல? பேரப்புள்ளைக்குத் துணி, பவதாரிணிக்குப் பிரசவ லேகியம், எனக்கு ரெண்டு சேலை. மேக்க நாகமலையில இருக்கு. பரஸ்தானம் வச்சாச்சு. பை வெளியேறுன நேரந்தான் ஆள் வெளியேறுன நேரம்னு திருப்பதி போறப்ப நீங்கதான சொன்னீங்க? நேரமும் நீங்க குறிச்சுக் குடுத்ததுதான். மேக்க போறவளுக்கு இதவிட நல்ல நேரம் வாச்சுக்காதுன்னீங்களே."

சிவபாண்டி வாயைத் திறந்தார். ஓட்டை எங்கே என்று தேடினார். புதன்கிழமை, மேற்கு, நல்ல நேரம், இரண்டு நாள் இடைவெளி. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? எல்லாம் அவரே போட்டுக் கொடுத்த டைம் டேபிள்.

"மேக்க மட்டுந்தான தீந்துச்சு" என்றார் கடைசியாக. "குடுமிக்கு?"

"குடுமி நாளன்னைக்குச் சனிக்கிழமை. வடக்கயும் தடையில்ல, தெக்கயும் தடையில்ல. நானும் அந்தத் தேங்காயப் பாத்துட்டுத்தான் உடைச்சேன்."

"அப்ப நானு?"

"நீங்க எந்தப் பையும் அனுப்பலயே. நாளைக்குத்தான் கெளம்புறீங்க. சூலம் உங்களுக்குத்தான். ஒண்ணு, பரிகாரத்தத் தின்னுட்டு எங்கூட வாங்க. இல்லாட்டி மூணாவது வியாழன் வாங்க. தம்பி மாத்திப் போட்டுரும்."

தமிழ்மாறன் சமையலறை வாசலிலிருந்து, "மாத்திக்கிறலாம்ணே, ஆனா தனியாப் போகணும்" என்றான். துபாயில் ஒரு ராத்திரி முழுக்கத் தனியாக ஹால்ட் அடிப்பதைச் சிவபாண்டி நினைத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்து நின்றது. பாண்டிச்செல்வி உள்ளே போய், மேற்குச் சூலத்துக்குப் பரிகாரமான வெல்லக்கட்டியோடு வந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தெருவுக்கெல்லாம் கிழமை சொன்னவர் வாசற்படியில் நின்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். விமான நிலைய வாசலில் பாண்டிச்செல்வியின் நாகமலைத் தங்கை தமிழ்ச்செல்வி துணிப்பையோடு காத்திருந்தாள். "மாமா, கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருக்கே, பல்வலியா?" என்று கேட்டாள். சிவபாண்டி கையால் இல்லை என்று காட்டினார். வெல்லம் இன்னும் கரையவில்லை.

மறுநாள், துபாயிலிருந்து கிளம்பிய விமானத்தில், அவர் முன்னால் இருந்த திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் பாண்டிச்செல்வி போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்கினாள். பாதிப் பயணத்தில், திரையில் இருந்த குட்டி விமானம் உலகத்தின் உச்சிக்குப் பக்கத்தில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. சூலம் பிடித்தபடி யாரும் நிற்கவில்லை. நாள்காட்டி கிழிக்கவும் ஓர் ஆள் இல்லை. சிவபாண்டி மதுரை நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

சியாட்டிலில் விமானம் சொன்ன நேரத்துக்கு முந்தியே இறங்கிவிட்டது. "எங்க காலமா இருந்தா இதுக்கு மெமோ குடுத்துருப்பேன்" என்றார், அழைத்துப் போக வந்திருந்த விக்ரமிடம். விக்ரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "முந்தி வந்த உங்கள உள்ள விட்டதே பெருசு மாமா. வேன்ல உக்கார வைக்கலயே" என்றார்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை பிற்பகல், டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பவதாரிணிக்கு வலி எடுத்தது. பாண்டிச்செல்வி உள்ளே போனாள். விக்ரமும் போனார், கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து வெளியே வந்து மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து மகள் "அம்மா, அம்மா" என்று கத்துவதும், "இங்கதான்டி இருக்கேன், எங்கயும் போகல" என்று அவள் அம்மா சொல்வதும் கதவைத் தாண்டிக் கேட்டன. சிவபாண்டி சுவர்க்கடிகாரத்துக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் குழந்தை அழுத சத்தம் வந்தபோது மணி பார்க்க மறந்துபோனார்.

பெண் குழந்தை. எல்லாரும் பார்த்து முடித்த பிறகு தமிழ்மாறனிடமிருந்து போன் வந்தது. அங்கே விடிந்திருந்தது.

"அண்ணே, வாழ்த்துக்கள்! தெருவுல எல்லாரும் கேக்குறாக. பேத்தி பொறந்தது அங்க செவ்வா, இங்க புதன். எந்தக் கிழமைன்னு வச்சுக்கிறது?"

சிவபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மேலே தள்ளிக் கடிகாரத்தை வெளியே எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

பாண்டிச்செல்வி பேத்தியை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, நாகமலை போய்வந்த அந்தப் பைக்குள் மறு கையை விட்டாள். மிச்ச வெல்லம் காகிதத்தில் மடித்து இருந்தது.

"வாயத் தொறங்க" என்றாள்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?" என்று போனில் தமிழ்மாறன் கேட்டுக்கொண்டே இருந்தான்.